தேரி மணலுக்கு ஒரு பல், பொத்தை ஏற்றத்துக்கு ஒரு பல்: சின்ன டர்ட் பைக்கில் செயின் ஸ்ப்ராக்கெட் மாற்ற முழு வழிகாட்டி

திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி (செம்மணல் மேடு) மணலில் 110 சிசி, 125 சிசி டர்ட் பைக்கை இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரெண்டாவது கியரில் எஞ்சின் கத்துகிறது. மூன்றாவதுக்குத் தட்டினால் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. வண்டி இழுவை இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. உடனே கார்புரேட்டர் ஜெட்டை மாத்து, சைலன்சரை மாத்து, போர் கிட் போடு என்று ஆளுக்கொரு யோசனை வரும். பெரும்பாலான நேரம் எஞ்சினில் குறையே இருக்காது. செயின் ஓடும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட், எஞ்சின் பக்கம் முன்னால் ஒன்று, பின் சக்கரத்தில் ஒன்று; கம்பெனியில் போட்டு அனுப்பிய அதன் பல் கணக்கு நம்ம மண்ணுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எஞ்சினில் கை வைப்பதற்கு முன்னால் பல்லை மாற்றிப் பாருங்கள். இதைவிடக் குறைந்த செலவில் ஒரு சின்ன வண்டியின் குணத்தை மாற்றும் வேலை வேறு கிடையாது. பிடிக்காவிட்டால் ஒரே மாலையில் பழையபடி மாற்றிவிடலாம் என்பது இன்னொரு நிம்மதி.

கணக்கு

பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லை முன் ஸ்ப்ராக்கெட்டின் பல்லால் வகுங்கள். அதுதான் விகிதம். சின்ன 110 வண்டிகளில் முன்னால் 14, பின்னால் 37 என்ற ஜோடியை நிறையப் பார்க்கலாம். 37 ÷ 14 = 2.64. முன்னால் ஒரு பல் குறைத்து 13 போட்டால் 2.85. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் நேர்மாறு.

இந்த ஒரு பல்லுக்கு என்ன மதிப்பு? பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடுகிறது. முன்பு மணிக்கு 60 கி.மீ. ஓடிய அதே எஞ்சின் சுழற்சியில் இனி 56 கி.மீ. வரைதான் போகும். கேட்க அற்பமாக இருக்கும். மணலில் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருகும்போது அற்பமாக இருக்காது.

இதே மாற்றத்தைப் பின்னால் செய்ய வேண்டுமென்றால் 37-ஐ 40 ஆக்க வேண்டும். 40 ÷ 14 = 2.86. முன்னால் ஒரு பல் என்பது பின்னால் சுமார் மூன்று பல்லுக்குச் சமம் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன் பல் மலிவு, மாற்றுவதும் சுலபம். அதனால் பெரிய மாற்றத்தை முன்னால் செய்து, நுணுக்கமான சரிசெய்தலைப் பின்னால் ஒவ்வொரு பல்லாகச் செய்வது நல்லது. முன்னால் 13, பின்னால் 40 என்று ரெண்டையும் சேர்த்து மாற்றினால் 3.08 வரும், இழுவை 16 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். ஒரு மாற்றம், ஓட்டம், பிறகு அடுத்தது.

முன்னால் ரொம்பவும் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. பல் குறையக் குறைய செயின் இறுக்கமாக வளைந்து சுற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு கண்ணியும் அதிகம் மடங்கி அதிகம் தேயும். பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பர் ஸ்லைடரிலும் செயின் உரச ஆரம்பிக்கும். 12-க்குக் கீழே போக வேண்டிய நிலை வந்தால் முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் கூட்டுங்கள். முன்னால் பெரிய பல் போடுகிறவர்கள், அது எஞ்சின் கவரில் இடிக்காமல் சுற்ற இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எந்த மண், எந்தப் பல்

வண்டி கடைசி கியரில் எத்தனை கி.மீ. தொடும் என்று பார்த்துப் பல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நீங்கள் ஓட்டும் மண்ணில் எந்த ரெண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று பாருங்கள். கீழ் கியரில் கத்தல், மேல் கியரில் திணறல் என்றால் விகிதத்தைக் கூட்ட வேண்டும். எல்லா கியரும் சட்டுசட்டென்று முடிந்துபோய் மேலே தட்ட இன்னொரு கியர் இல்லையே என்று இருந்தால் குறைக்க வேண்டும்.

தேரிக்கு முதலில் முன்னால் ஒரு பல் குறையுங்கள். மணலில் வேகம் விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். எஞ்சின் நல்ல சுழற்சியில் இருந்தபடியே மூன்றாவது கியரில் நிற்க வேண்டும். முன்பு திணறிய மூன்றாவது, ஒரு பல் குறைந்ததும் இழுக்க ஆரம்பிக்கும். ரெண்டு பேர் உட்காரும் வண்டியோ, கனமான ஆளோ என்றால் பின்னால் இன்னும் ரெண்டு பல் கூட்டலாம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குதிரைமொழித் தேரி போன்ற இடங்களில் வனத்துறைக் காடு இருக்கிறது, மற்ற தேரியில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய விளை. முருங்கையும் முந்திரியும் வைத்திருப்பவரிடம் கேட்காமல் உள்ளே வண்டியை விடாதீர்கள்.

பணகுடி, களக்காடு பக்கத்துச் சரள் மண்ணும் பொத்தைகளும் (சின்னப் பாறைக் குன்றுகள்) வேறு மாதிரி. அங்கே வேகமே வேண்டாம். முதல் கியரில் மெதுவாக, கிளட்ச்சை அடிக்கடி பிடிக்காமல் கல்லுக்குக் கல் ஏற வேண்டும். கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வந்தால் விகிதம் போதவில்லை என்று அர்த்தம். சின்ன 110 வண்டிகளில் கை கிளட்ச் இல்லாத, தானாகப் பிடிக்கும் கிளட்ச் உள்ளவற்றில் இது இன்னும் முக்கியம்; மெதுவான ஏற்றத்தில் அந்தக் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். இறக்கத்திலும் லாபம் உண்டு: ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும், பிரேக்கைக் கம்மியாகத் தொட்டால் போதும். இந்த இடத்துக்கு 13-40 போன்ற ஜோடி எனக்குப் பிடித்தமானது. மலைக்கு உள்ளே போகும் ஆசை மட்டும் வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. அடிவாரத்துப் பட்டா நிலத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்து உள்வாய், சமதளம், நீளமான வண்டிப்பாதை என்றே ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனி பல்லே சரி. சிலர் முன்னால் 15 போட்டு வேகம் தேடுவார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்கள் இதைச் செய்ய யோசிப்பார்கள். எதிர்காற்றில் சின்ன எஞ்சினால் கடைசி கியரை இழுக்கவே முடியாது; 14-ல் போன வேகம்கூட 15-ல் வராது.

மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மழை விட்ட பிறகு ஓட்டினால் மண் செயினிலும் முன் ஸ்ப்ராக்கெட் கவருக்குள்ளும் அப்பி இறுகிவிடும். அங்கே பல்லைவிடச் செயின் தளர்வு முக்கியம். அதைக் கீழே சொல்கிறேன்.

பிள்ளைகள் ஓட்டும் 50 சிசி, 110 சிசி வண்டியாக இருந்தால் விகிதத்தைக் கூட்டாமல் கம்பெனி பல்லோடு விடுங்கள். இழுவை கூடினால் ஆக்சிலேட்டரைச் சின்னக் கை கொஞ்சம் அதிகம் திருகினாலும் முன் சக்கரம் தூக்கும்.

கடைக்குப் போகும் முன்

செயினின் பக்கத் தகட்டில் எண் அடித்திருக்கும்: 420, 428, 520. 420-க்கும் 428-க்கும் கண்ணி நீளம் ஒன்றுதான், 12.7 மி.மீ. அகலம்தான் வேறு, 420-ன் உள்அகலம் 6.35 மி.மீ., 428-க்கு 7.94 மி.மீ. அதனால் 428 செயின் 420 ஸ்ப்ராக்கெட்டில் ஏறி உட்காரும், பக்கவாட்டில் ஆடும், சீக்கிரம் பல்லைத் தின்னும். 420 செயினோ 428 பல்லில் ஏறவே ஏறாது. 520-க்குக் கண்ணி நீளமே 15.875 மி.மீ., அது வேறு குடும்பம். எந்த எண் செயினோ அதே எண் ஸ்ப்ராக்கெட்.

அடுத்தது தேய்மானம். செயினை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து (pin) 20 கண்ணி எண்ணி அளந்து பாருங்கள். 420, 428 புதிதாக இருக்கும்போது 254 மி.மீ. இருக்கும். 259 தொட்டுவிட்டால் அதன் காலம் முடிந்தது. 520-க்கு 317.5 புதிது, 323 எல்லை. அளக்க டேப் இல்லையென்றால் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில், பின்பக்கம் பார்த்த நடுப்பகுதியில், செயினை விரலால் பின்னுக்கு இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் போச்சு. பல்லின் நுனி அலைபோல ஒரு பக்கம் சாய்ந்து கொக்கியாகியிருந்தாலும் அப்படியே.

தேய்ந்த செயினில் புதுப் பல்லைப் போடாதீர்கள். நீண்டுபோன கண்ணி புதுப் பல்லில் சரியாக உட்காராமல் சில நூறு கிலோமீட்டரிலேயே அதையும் கொக்கியாக்கிவிடும். செயின் தேய்ந்திருந்தால் முன், பின், செயின் மூன்றும் செட்டாக மாற்றுங்கள். செயின் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் ஒற்றைப் பல்லை மாற்றலாம்.

கடைக்குப் போகும்போது பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, பேப்பரில் சுற்றிக் கையில் கொண்டுபோங்கள். நம்ம ஊர் ஸ்பேர் கடைகளில் ஸ்பிளெண்டர், பல்சர் செட் உடனே கிடைக்கும். டர்ட் பைக் பேரைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். சாமானைக் காட்டினால் வேலை நடக்கும்.

“அண்ணாச்சி, இதே சாஃப்ட் ஓட்டை, இதே கட்டு, 420. ஒரு பல்லு கம்மியா வேணும்.”

“என்ன வண்டி தம்பி?”

“வண்டியை விடுங்க அண்ணாச்சி, இதை வச்சுப் பாருங்க.”

முன் பல்லில் பார்க்க வேண்டியவை: நடுத்துளை விட்டம், உள்ளே இருக்கும் பள்ளங்களின் எண்ணிக்கை, பிடிக்கும் போல்ட்டு துளைகள். சீன எஞ்சின் போட்ட பிட் பைக்குகளில் (குட்டி டர்ட் பைக்) 17 மி.மீ. சாஃப்ட்டும் உண்டு, 20 மி.மீ. சாஃப்ட்டும் உண்டு. பின் பல்லில் நடுவட்டம், போல்ட்டு எண்ணிக்கை, எதிரெதிர் போல்ட்டு துளைகளின் நடுவிலிருந்து நடு தூரம். இவை மூன்றும் ஒத்தால் எந்த வண்டியின் ஸ்ப்ராக்கெட்டும் உட்காரும். துளை மட்டும் கொஞ்சம் மாறினால் லேத் பட்டறையில் புதுத் துளை போடலாம், தப்பில்லை. பழைய நடுப்பகுதியில் வேறு பல் வளையத்தை வெல்டு வைத்துத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டு சூட்டில் பல்லின் கடினம் போய்விடும், வட்டமும் கோணிவிடும். செயின் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும். அது அறுந்தால் எஞ்சின் கவரை உடைக்கும், அல்லது காலை.

பின்னால் அலுமினியமா ஸ்டீலா என்று கேட்டால் நான் ஸ்டீல்தான் சொல்வேன். அலுமினியம் எடை குறைவு, பார்க்கவும் அழகு. தேரி மணல் அதை அரைத்துத் தின்றுவிடும்.

கழற்றுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் அல்லது நல்ல மரப்பெட்டியில் பின் சக்கரம் தூக்கி நிற்கும்படி வையுங்கள்.

கியர் லிவரைக் கழற்றும் முன், அது சாஃப்ட்டில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சின்ன உளியாலோ பெயிண்டாலோ ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முன் ஸ்ப்ராக்கெட் கவர். உள்ளே கிரீஸும் மண்ணும் கட்டியாகிக் கிடக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, டீசல் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். சாஃப்ட்டைச் சுற்றி உள்ள ஆயில் சீலை இப்போதே பாருங்கள். ஈரமாகக் கசிந்தால் அதையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி.

செயின் வண்டியில் இருக்கும்போதே முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டையோ போல்ட்டையோ தளர்த்துங்கள். பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்தால் சாஃப்ட் சுற்றாது. செயினைக் கழற்றிய பிறகு இதற்கு வழி தேடினால் திண்டாட்டம்தான். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் ஒரு லாக் பிளேட்டும் ரெண்டு சின்னப் போல்ட்டும் இருக்கும். போல்ட்டை எடுத்ததும் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பினால் சாஃப்ட்டின் பள்ளத்துக்கு நேர் வந்து வெளியே வரும். பெரிய நட்டு உள்ள வண்டியில், மடக்கிவிட்ட வாஷரை முதலில் நிமிர்த்த வேண்டும்.

இனி ஆக்சில் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயின் தொய்ந்துவிடும். செயின் லாக்கை (செயினின் ரெண்டு முனையையும் சேர்க்கும், கிளிப் போட்ட கண்ணி) தேடிப் பிடித்து, கிளிப்பின் திறந்த முனையை மூக்குப் பிளையரால் பின்னைப் பிடித்துத் தள்ளினால் கழன்றுவிடும். கிளிப் தெறித்து மண்ணில் விழுந்தால் கிடைக்காது, ஒரு துணியை அடியில் விரித்துக்கொள்ளுங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டை உருவும்போது அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனியுங்கள். சிலவற்றில் ஒரு பக்கம் மேடாக இருக்கும். புதியதும் அதே பக்கம் பார்த்துத்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டால் செயின் கோடு சில மி.மீ. விலகி, பல்லின் பக்கவாட்டைத் தேய்க்கும்.

பின் பல்லை மாற்றுவதாக இருந்தால் சக்கரத்தை வெளியே எடுத்து, பழைய டயர் மேல் படுக்க வைத்து நட்டுகளைக் கழற்றுங்கள். ஹப்பில் டேம்பர் ரப்பர் உள்ள வண்டி என்றால் அந்த ரப்பரையும் அழுத்திப் பாருங்கள். நைந்திருந்தால் புதுப் பல் போட்டும் ‘டக் டக்’ சத்தம் போகாது.

மாட்டுவது

பின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் ஹப் முகத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் இடையில் மாட்டினாலும் பல் கோணலாகச் சுற்றும். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: முன் லாக் பிளேட்டின் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினாலே போதும். நீளமான ஸ்பேனர் போட்டு முறுக்கினால் திரெட் அறுந்து, ஒரு சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

செயின் நீளம். ஒரு பல் மாறினால் ஆக்சில் சுமார் 3 மி.மீ. நகரும். முன்னால் ஒரு பல் குறைத்தால் சக்கரம் அந்த அளவு பின்னால் போகும்; அட்ஜஸ்டரில் இடம் இருக்கும், பழைய செயினே போதும். பின்னால் மூன்று பல் கூட்டினால் சக்கரம் 10 மி.மீ. முன்னால் வர வேண்டும். சின்ன வண்டியின் ஆக்சில் பள்ளத்தில் அவ்வளவு இடம் இருப்பது அபூர்வம். அப்போது நீளமான செயின் வாங்கிக் கண்ணியைக் குறைக்க வேண்டியதுதான். இரண்டிரண்டாகத்தான் குறைக்க முடியும், ஏனென்றால் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வரும். வெட்டும் முன் செயினை ரெண்டு பல்லிலும் சுற்றிப் போட்டு, அட்ஜஸ்டர் பள்ளத்தின் முன்பக்கத்தை ஒட்டி ஆக்சில் நிற்கும்படி பார்த்து, எந்தக் கண்ணிப் பின்னில் வெட்டுவது என்று சாக்பீஸால் குறி வையுங்கள். செயின் கட்டர் இல்லையென்றால் கண்ணிப் பின்னின் தலையைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டுப் பஞ்ச் கம்பியால் தட்டி எடுக்கலாம். தலையைத் தேய்க்காமல் தட்டினால் தகடு வளையும்.

செயின் லாக்கை மாட்டுவதில் எல்லாக் கவனமும் இங்கேதான் வேண்டும். மேல்பக்கச் செயின் எஞ்சினை நோக்கி ஓடுகிறது. கிளிப்பின் மூடிய, வளைந்த முனை அந்த ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். மேல்பக்கத்தில் லாக் நின்றால் மூடிய முனை முன்னால் பார்க்கும். கீழ்ப்பக்கத்தில் நின்றால் பின்னால் பார்க்கும். திறந்த முனை ஓட்டத்தைப் பார்த்து நின்றால் உடைமரக் கிளையோ கல்லோ பட்டு ஒரு தட்டில் கழன்றுவிடும். கிளிப் பள்ளத்தில் முழுதாக இறங்கியதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். மூன்று வளைவும் பின்களின் கழுத்தைக் கவ்வியிருக்க வேண்டும். செயின் மாற்றும்போது பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

தளர்வும் நேரும்

கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கிக் கீழே தள்ளிப் பாருங்கள். மொத்த அசைவுதான் தளர்வு. மேனுவலில் ஒரு அளவு இருக்கும், அதுவே கடைசி வார்த்தை. ரோடு வண்டிக்கு 20 முதல் 30 மி.மீ. என்பார்கள், சஸ்பென்ஷன் அதிகம் இறங்கும் டர்ட் பைக்குக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். காரணம் இதுதான்: முன் ஸ்ப்ராக்கெட், சுவிங் ஆர்ம் பிவட் (அது அசையும் அச்சு), பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் உச்சமாக இறுகும். அதனால் இறுக்கியதும் ஒரு கனமான ஆளை வண்டியில் உட்கார வைத்து அழுத்தச் சொல்லி, அந்த நிலையிலும் செயின் கொஞ்சம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லையென்றால் தளர்த்துங்கள். இறுக்கமான செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைக் கொல்லும், அந்தச் செலவு வேறு ரகம். கரிசல் ஈரத்தில் ஓட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். மண் பல்லிடுக்கில் அடைந்தால் செயின் தானாக இறுகும்.

சுவிங் ஆர்ம் குறிகளை மட்டும் நம்ப வேண்டாம். ரெண்டு பக்கமும் பிவட்டிலிருந்து ஆக்சில் வரை அளந்து ஒன்றாக்குங்கள். பிறகு பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிச் செயினைப் பாருங்கள். பின் பல்லிலிருந்து முன் பல்வரை ஒரே நேர்கோடாகப் போக வேண்டும். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு தளர்வை மறுபடி பாருங்கள், இறுக்கும்போது சக்கரம் சற்றே நகர்ந்திருக்கும்.

எண்ணெயும் ஓட்டமும்

சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் எண்ணெய் விட வேண்டும். எஞ்சினை ஓட விட்டுச் செயினைத் துடைக்கவே துடைக்காதீர்கள். துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துக்கொண்டுபோய்விடும். விரல் இழந்தவர்கள் நம்ம பட்டறைகளில் உண்டு.

மணலுக்குக் கிரீஸ் ஆகாது. மணலும் கிரீஸும் சேர்ந்தால் அது அரைக்கும் பசை. 90 கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, வெளியில் இருப்பதை நன்றாகத் துடைத்துவிடுங்கள். கண்ணிகளுக்கு இடையே ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

முதல் ஓட்டத்தைக் குறுகியதாக வைத்து, வந்ததும் பின் பல்லின் நட்டுகள், முன் லாக் போல்ட்டு, ஆக்சில், தளர்வு எல்லாவற்றையும் பாருங்கள். புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளும். பதிவு செய்த வண்டியாக இருந்து, ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து அளவெடுத்தால் அது இனி உண்மையைவிட அதிகம் காட்டும். முன் சக்கரத்திலிருந்து எடுத்தால் மாறாது. பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாமல், குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கழற்றிய 14 பல் ஸ்ப்ராக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள். டீசலில் கழுவி, எண்ணெய் தடவி, ஒரு புதுச் செயின் லாக்கோடும் ஒரு மூக்குப் பிளையரோடும் பையில் வையுங்கள். ஆடிக் காற்று முடிந்து குளத்து உள்வாயில் ஓட்டும்போது அது மறுபடி தேவைப்படும்.